பத்தே முக்காலுக்கு வந்த தாய்மாமன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வீட்டில் மூத்தவள். இரண்டு இடத்திலும் அதட்டிப் பேசியே பழகிவிட்டேன். என் வாயால் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் என் தம்பி பட்டதுபோல யாரும் பட்டதில்லை.

அவன் என்னைவிட ஏழு வயது இளையவன். விமானப்படையில் பைலட். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் போர் விமானம் ஓட்டப் போனான் என்பதை எங்கள் ஊர் நம்பவே ஒரு வருடம் ஆனது. மதுரைப் பசுமலையில் அவன் படித்த காலத்தில், ஏர்போர்ட்டில் இறங்கும் விமானத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்று தினமும் ஒரு பஸ்ஸையாவது தவறவிடுவான். அப்போது அவனைத் திட்டாத நாள் இல்லை.

அவன் பைலட் ஆனதில் எனக்கு இருந்த பெருமையைவிட பயம்தான் அதிகம். டிவியில் எங்காவது விமானம் விழுந்தது என்று எழுத்து ஓடினால், எந்த மாநிலம் என்று படிப்பதற்குள் கை நடுங்கிவிடும். உடனே அவனுக்கு மெசேஜ் போடுவேன். அதில் இரண்டு டிக் விழும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவனோ சாயங்காலம் நிதானமாக ஒரு சிரிப்புப் படம் அனுப்புவான்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற குணம் அவனுக்கு. சின்ன வயதில், "அந்தப் பம்புசெட்டு மேல இருந்து குதிப்பியாடா?" என்று விளையாட்டாகக் கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் கிணற்றுத் தண்ணீரில் கிடப்பான். அப்பா கம்பை எடுத்ததும், "நான்தான்ப்பா குதிக்கச் சொன்னேன்" என்று நான் முந்திக்கொள்வேன். எனக்கு இரண்டு அடி விழும், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். மூத்தவள் பழியை ஏற்றுக்கொண்டால் இளையவன் தப்பிப்பான் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி தாண்டி உள்ளே திரும்பினால், கண்மாய்க்கரையில் என் கணவர் வீட்டுக் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மாலையும் சீர்த்தட்டுமாக வேட்டுச் சத்தத்தோடு வந்து இறங்க வேண்டும். பிறந்த வீட்டுக் கௌரவம் முழுக்க அந்த ஒரு மடியில்தான் இருக்கிறது. எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. பத்திரிகையில் அவன் பேரைத்தான் முதலில் போட்டிருந்தோம்.

பத்து நாளுக்கு முன்னால் போன் செய்து லீவு இல்லை என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"இந்த வீட்டாளுக முன்னாடி என்னையத் தலைகுனிய வச்சிராதடா. எப்படியாச்சும் வந்து நில்லு."

"இல்லக்கா, பயிற்சி நடக்குது. ஒருத்தருக்கும் லீவு கெடையாது."

"லீவு இல்லாட்டி என்ன, கையில ப்ளேன் வச்சிருக்கேல்ல? அதுலயே வா!"

கோபத்தில் சொன்ன கேலி. அதற்கு அவன் சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். கோயில் இருக்கும் இடத்தை மேப்பில் குறித்து அனுப்பச் சொன்னான். இரண்டு நாள் கழித்து, "அன்னைக்குப் பத்தே முக்காலுக்கு வானத்தப் பாத்துக்கிட்டே இருக்கா" என்றான். வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன், ஆனால் அதற்குள் பெருமை முந்திக்கொண்டது. "பாத்துடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். அங்கே சொன்னால் ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. மறுநாள் காய்கறிக் கடைக்காரரே என்னிடம், "தம்பி ப்ளேன்ல வாராராம்ல டீச்சர்?" என்று கேட்டார்.

அன்று வானம் தெளிவாக இருந்தது. பெரியப்பா மகன் ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் உட்கார வைத்து, அவர் மடியில் மகளை வைத்தோம். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டு மறு காதுக்குச் சந்தனத்தால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என் கண் பிள்ளை மேல் இல்லை. கோயிலுக்கு வந்த கூட்டம் மொத்தமும் சாமியைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

முதலில் சத்தமே வரவில்லை. கண்மாய்க்குப் பின்னால் பனைமரங்களுக்கு மேலே கறுப்பாக ஒன்று தெரிந்தது. அது எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று புரிவதற்குள் தலைக்கு மேலே வந்துவிட்டது. அப்புறம்தான் சத்தம். இடி நூறு சேர்ந்து தகரத்தில் விழுந்தது போல இருந்தது. பந்தல் துணி எழும்பி அடங்கியது. கட்டியிருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டார். ஊசி பிள்ளை மேல் படாமல், அதுவரைக்கும் சாமி காப்பாற்றியது. மகள் வீல் என்று அலறினாள். அவளைப் பெரியப்பா மகனிடமே விட்டுவிட்டு நான் வெட்டவெளிக்கு ஓடினேன்.

கோயிலுக்குப் பின்னால் சமையல் கொட்டகை. அங்கே என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகு சொல்லித்தான் தெரியும். சமையல்காரரும் இன்னொருவரும் அந்த நேரத்தில் அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். விமானம் கூரையை உரசுவதுபோல் போனதும் அண்டாவின் ஒரு பக்கத்துப் பிடி விட்டுப்போயிற்று. பக்கத்தில் மணை போட்டுக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் இரண்டு கால்களிலும் கொதிக்கிற கஞ்சி கொட்டியது. கூலிக்கு வந்தவர். எங்கள் அம்மாவோடு ஒன்றாகக் களையெடுத்தவர்.

அவரைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வேனுக்கு ஓடியிருக்கிறார்கள். மற்றவர்கள் கத்தியபடியே பின்னால் ஓடியிருக்கிறார்கள். பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள், விமானம் திரும்பி வந்தது. இந்த முறை முன்னைவிடத் தாழ்வாக. தூக்கிப் போனவர்கள் பயத்தில் அவரைக் கீழே போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார்கள். வெந்த கால் புழுதியில் இழுபட்டது. விமானம் மேலே ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வந்த வழியே போய்விட்டது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருந்தால் அதிகம்.

பெரியாஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "கஞ்சி வடிக்கும்போது கை தவறிருச்சு" என்றார் என் கணவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை. எப்போது பேச வேண்டுமோ அப்போது எனக்கு வாய் வராது போல. மறுநாள் சமையல்காரர் வாசலில் வந்து நின்றார்.

"முப்பது வருசமா வடிக்கிறேன் டீச்சர். ஒரு பருக்கை வெளிய சிந்துனதில்ல. எங் கை தவறிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீக. இனிமே எவன் என்னைய அண்டாவத் தொட விடுவான்?"

உள்ளே வந்து காபி குடியுங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதே நாள் தம்பி போன் செய்தான். குரலே மாறியிருந்தது. அங்கே யாருக்கோ தெரிந்துவிட்டதாம். பறக்க வேண்டாம் என்று உட்கார வைத்திருக்கிறார்களாம். "நீ எதுவும் பேசாதக்கா. யார் கேட்டாலும் பேசாத. நான் பாத்துக்கிறேன்" என்றான். கால் வெந்துபோனதை நான் சொன்னேன். "உயிருக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டான். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டான்.

போனை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால், தெருமுனையில் ஃப்ளெக்ஸ். பன்னிரண்டு அடிக்கு எட்டு அடி. நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட என் தம்பி, அவன் தலைக்கு மேல் பையன்கள் போனில் எடுத்த அதே விமானம். 'வான்வழி சீர் கொண்டு வந்த எங்கள் தாய்மாமனே!' என்று மஞ்சள் எழுத்து. கீழே இரண்டு வரிசையில் தெருப் பையன்களின் முகம். முதல் வரிசையில் மூன்றாவதாக, கும்பிட்டபடி, என் கணவர். விழா நாளும் நேரமும் கோயில் இடமும் பிழையில்லாமல் போட்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஒரு ஆண்டி இல்லை, இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஊதியிருந்தார்கள்.

"என்னங்க இது?" என்று என் கணவரிடம் பாய்ந்தேன்.

"பயலுக ஆசையா வச்சிருக்கானுக. போட்டோ மட்டும்தான் கேட்டானுக, குடுத்தேன்."

"அந்தப் பயலுக சேந்து என் தம்பிய ஜெயிலுக்கு அனுப்பப் போறானுக!"

அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போய் நானே ஃப்ளெக்ஸைக் கிழித்தேன். சாரத்தில் ஏறத் தெரியாமல் ஏறி, கைக்கு எட்டியவரை கிழித்தேன். தம்பியின் முகம் மட்டும் மேலேயே தொங்கியது. பையன் ஒருவன் கீழே நின்று, "அக்கா, நல்லாத்தானக்கா இருந்துச்சு, ஸ்டேட்டஸ்லகூட எல்லாரும் வச்சிருக்காங்க" என்றான். ஸ்டேட்டஸ் என்றதும் சாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்ப்பேன். வகுப்பில் சுலபமான கூட்டலைத் தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் சொல்லித் திருத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன். அந்த அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒருநாள் மட்டும் கேட்டார்: "மேல பறக்குறவுகளுக்குக் கீழ மனுச மக்க இருக்கோம்னு தெரியாதா தாயி?" நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவர்கள் வந்தார்கள். விமானப்படை அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் தமிழ் பேசுபவர், என் வயதுதான் இருக்கும், மிகவும் மரியாதையானவர். காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். போனைத் திறந்து ஃப்ளெக்ஸ் படத்தைக் காட்டினார். அதில் கும்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், இங்கே எதிரில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது அடி பட்டதா?" என்று கேட்டார் அதிகாரி.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் என் கணவர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் காரியம். அங்கே ஒருத்தி கால் வெந்து கிடக்கிறாள், இன்னொருவர் தொழில் கெட்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கு சார்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இரண்டு முறை வந்தது, அண்டா சாய்ந்தது, ஆஸ்பத்திரியில் நாங்கள் சொன்னது பொய், சமையல்காரர் மேல் குற்றமில்லை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். என் கணவர் என் காலை மிதித்தார். காலை இழுத்துக்கொண்டேன். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மேடம், இந்த விழா நடக்கிற நேரமும் இடமும் உங்க தம்பிக்கு முன்னாடியே தெரியுமா?"

அப்பா கையில் கம்போடு நிற்பது போலத்தான் எனக்கு இருந்தது. முந்திக்கொண்டேன்.

"நான்தான் சார் வரச் சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் திட்டி, ப்ளேன்லயாவது வாடான்னு சொன்னேன். நேரமும் நான்தான் குடுத்தேன், மேப்பும் நான்தான் அனுப்புனேன். தப்பு முழுக்க என்னோடது. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அவன விட்டுருங்க."

பேனா நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் என்பது போல ஒன்று இருந்தது. "இதை அப்படியே எழுதிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். எழுதிக்கோங்க என்றேன். வாசித்துக் காட்டினார். மேப் அனுப்பிய செய்தியைப் போனில் காட்டச் சொன்னார், காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் போன பிறகு, தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் வயிறாரச் சாப்பிட்டேன்.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது.

"அவங்ககிட்ட என்னக்கா சொன்ன?"

"நான்தான் வரச் சொன்னேன்னு சொன்னேன்டா. பழியெல்லாம் என்மேல போட்டுக்கிட்டேன். நீ பயப்படாத."

அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"பறவைக் கூட்டம் எதுக்க வந்துச்சு, தப்பிக்கிறதுக்காகத் தாழ இறங்கினேன், வழி கொஞ்சம் விலகிருச்சுன்னு நான் எழுதிக் குடுத்திருந்தேன்க்கா."

தாழ்வாகப் பறந்தது ஒரு குற்றம். திட்டம் போட்டுப் பறந்தது அதைவிடப் பெரிய குற்றம். அதை மறைத்துப் பொய் எழுதியது எல்லாவற்றையும்விடப் பெரியது. மூன்றுக்கும் சாட்சி நான், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தோடு. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு இது. வீட்டில் பழியை மூத்தவள் வாங்கினால் இளையவன் தப்பிப்பான். அங்கே நான் வாங்க நினைத்த பழி அவன் பழியோடு போய்க் கூட்டலாகிவிட்டது.

"ஏன்டா என்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"பேசாதன்னு சொன்னேன்ல" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. முடிவில் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஜெயிலுக்கும் அனுப்பவில்லை. இனிப் பறக்கக் கூடாது என்றார்கள். நெஞ்சில் குத்தியிருந்த பைலட் சிறகைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அங்கேயே சாமான் ஸ்டோரில் ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். இப்போது டிவியில் விமானம் விழுந்தது என்று எழுத்து ஓடினால் எனக்குக் கை நடுங்குவதில்லை. இந்த நிம்மதிக்காக என்னை நானே வெறுத்த நாட்கள் உண்டு.

இப்போது அவனுக்கு லீவு தாராளமாகக் கிடைக்கிறது. போன மாதம் வந்திருந்தான். இறங்கியதும், "அந்த அம்மாவப் பாக்கணும்" என்றான். கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றை அறை வீடு. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டிய இடம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. தம்பி வாசலிலேயே நின்றான். அவர் உள்ளே கூப்பிட்ட பிறகுதான் வந்து தரையில் உட்கார்ந்தான். நெடுநேரம் அந்தக் காலையே பார்த்தான்.

"என்னைய மன்னிச்சிருங்கம்மா."

"மொதத் தடவ வந்தீக. வெளாட்டுப் புள்ள, ஆசைக்கு வந்துட்டுப் போச்சுன்னு விட்டுருவேன். திரும்ப எதுக்கு தம்பி வந்தீக? அப்பத்தான் என்னையக் கீழ போட்டானுக."

அவன் தலையைத் தூக்கவில்லை. "திருப்பும்போது கீழ பாத்தேன். கைய ஆட்டுற மாதிரி தெரிஞ்சுச்சு. இன்னொரு தடவ வான்னு கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன்."

அந்த அக்கா அவனையே பார்த்தார். கோபம் எல்லாம் போய் அவர் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது.

"கூப்பிடலய்யா" என்றார். "போ, போன்னு வெரட்டுனோம்."

கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் விரட்டத்தான் செய்தார்கள், அது உண்மை. ஆனால் கோயிலுக்கு முன்னால், வெட்டவெளியில், பின்னால் நடப்பது எதுவும் தெரியாமல், முந்தானையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, வாடா வாடா என்று குதித்தவள் ஒருத்தி இருந்தாள். அது நான்தான். விசாரணைக்கு வந்தவரிடம் வாய் ஓயாமல் பேசிய நான் அதை மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நின்றபோதும் சொல்லவில்லை. தம்பி அந்த முந்தானையைப் பார்த்துத்தான் திரும்பி வந்திருக்கிறான். கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன் என அவரிடம் சொன்னபோது, நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.